பத்தைத் தொட்டதும் அடங்கிப்போன அலாரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தடுப்பூசி மருந்துகள் வைக்கும் குளிர்பதனப் பெட்டிகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் ஒரு மென்பொருளில் நடந்தது இது. நிறுவனம், ஆட்கள் யாருடைய பெயரும் இங்கே வராது. நடந்த மறுநாள் காரணம் தேட உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். விதி எழுதுகிறவர்களுக்கும் விதி மொழியை உருவாக்குகிறவர்களுக்கும் இதில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் வரும் 30 நாள் லாகர்களில், அதாவது வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவிகளில், இரண்டு அலாரம் வரம்புகள் உண்டு. 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் இருந்தால் ஒன்று. -0.5 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ 60 நிமிடம் இருந்தால் மற்றொன்று. உறைதலுக்கு இவ்வளவு குறைவான நேரம் கொடுத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போல அலுமினிய உப்பு சேர்த்த தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்தால் கெட்டது கெட்டதுதான். உருகிய பிறகு பார்த்தால் குப்பியில் வித்தியாசம் சட்டென்று தெரியாது, வீரியம் மட்டும் திரும்பாது.

நம் மென்பொருளும் அதே வரம்புகளைத்தான் வைத்திருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லாகரிலிருந்து அளவு வரும். அதை விதிகள் சோதிக்கும். வரம்பைத் தாண்டிய உடனே மஞ்சள் எச்சரிக்கை, குறித்த நேரம் இடைவிடாமல் தாண்டியே இருந்தால் சிவப்பு அலாரம். வரம்புக்குள் திரும்பிவிட்டால் "எச்சரிக்கை நீங்கியது" என்று ஒரு செய்தி போகும். கடிகாரமும் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

விதிகளை எழுதியவர்கள் புரோகிராமர்கள் அல்ல, சேமிப்புப் பிரிவின் பொறுப்பாளர்கள். அவர்களுக்காகத்தான் சின்னதாக ஒரு விதி மொழியே உருவாக்கப்பட்டது. திரையில் மூன்று பெட்டிகள்: புலம், ஒப்பீட்டுக் குறி, மதிப்பு. கொஞ்சம் தேர்ந்தவர்கள் விதியை ஒரே வரியாக நேரடியாகவும் எழுதலாம். புலப் பெயர்களை இங்கே தமிழில் தருகிறேன்:

வெப்பம் > 8
வெப்பம் <= -0.5

இந்த மொழி ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியின் மேல் கட்டப்பட்டது. ஒப்பிடும் வேலையை அது தானாகச் செய்யவில்லை. இரண்டு பக்க மதிப்புகளையும் அப்படியே ஜாவாஸ்கிரிப்ட்டின் குறியிடம் கொடுத்துவிட்டு விடையை வாங்கிக்கொள்ளும். பல ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நிகழ்வுக்குச் சில வாரங்களுக்கு முன் குளிர்பதனப் பெட்டிகளின் லாகர்களை மென்பொருளோடு இணைக்கும் கேட்வே கருவி மட்டும் புதிதாக மாற்றப்பட்டது. உறைவிப்பான்களில் பழைய கருவியே இருந்தது.

அன்று இரவு

ஒரு பெட்டியின் தெர்மோஸ்டாட் பழுதாகி மாலையிலிருந்து வெப்பம் ஏறத் தொடங்கியது. பதிவு இப்படி இருந்தது:

19:00, 8.0: மஞ்சள் எச்சரிக்கை
19:10, 8.1: தொடர்கிறது
20:40, 9.9: தொடர்கிறது
20:50, 10.0: எச்சரிக்கை நீங்கியது

இரவுப் பணியில் இருந்தவர் முதல் செய்தி வந்ததும் பெட்டியின் கதவைச் சரிபார்த்திருக்கிறார். மூடித்தான் இருந்தது. இரண்டாவது செய்தி வந்ததும், சரி, அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். கணினித் திரையிலும் அந்தப் பெட்டிக்குப் பச்சைப் புள்ளிதான் தெரிந்தது. அதற்கு வேறொரு காரணம் இருந்தது, பின்னால் வருகிறேன்.

காலை எட்டு மணிக்கு அடுத்தவர் வந்து, வழக்கப்படி காகிதத்தில் வெப்பநிலை குறிக்கப் போனார். ஒரு நாளைக்கு இரண்டு முறை கையால் எழுதி வைக்கும் இந்த நடைமுறையை, "அதான் லாகர் இருக்கே" என்று விட்டுவிட்ட இடங்கள் உண்டு. இங்கே விடவில்லை. பெட்டியின் டயல் 11.8 காட்டியது. அவர் பொறுப்பாளரை அழைத்துச் சொன்னது: "சார், நீங்கிடுச்சுன்னு ராத்திரியே மெசேஜ் வந்துருக்கு. ஆனா டயல் பன்னிரண்டுகிட்ட நிக்குது."

8.1 வந்தது 19:10-க்கு. சிவப்பு அலாரம் 05:10-க்கு அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. மருந்துகள் உடனே வேறு பெட்டிக்கு மாற்றப்பட்டு, "பயன்படுத்தக் கூடாது" என்று குறிக்கப்பட்டுத் தனியே வைக்கப்பட்டன.

முதலில் சந்தேகித்தவை

சென்சார், செய்தி அனுப்பும் சேவை, வலையிணைப்பு என்று வழக்கமான சந்தேகங்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் அடிபட்டுப்போயின. வரைபடத்தில் வெப்பம் ஒரே சீராக ஏறியிருந்தது, ஒரு அளவுகூட விடுபடவில்லை. அளவு சரியாக வந்து சேர்ந்திருக்கிறது, விதிதான் 10.0-ஐப் பார்த்து "8-க்கு மேல் இல்லை" என்று சொல்லியிருக்கிறது.

விதித் திரையில் சோதித்துப் பார்க்க ஒரு பெட்டி உண்டு. அதில் 9 என்று போட்டால் உண்மை. 5 போட்டால் பொய். 12 போட்டாலும் உண்மை! இங்கேதான் கொஞ்ச நேரம் திணறினோம். சோதனையில் சரியாக இருக்கும் விதி, நிஜத்தில் எப்படித் தவறும்?

வழி காட்டியது பதிவின் முதல் வரி. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர் கேட்டார்: விதி 8-க்கு *மேல்* என்கிறது, 8.0-லேயே எச்சரிக்கை எப்படி வந்தது? பழைய புகார்களைத் தேடியபோது, கேட்வே மாறிய பிறகு இதே கேள்வி இரண்டு இடங்களிலிருந்து ஏற்கெனவே வந்திருந்தது தெரிந்தது. உதவிப் பிரிவு "லாகர் உள்ளே 8.04 என்று அளந்து 8.0 என்று காட்டியிருக்கும்" என்று பதில் எழுதி முடித்திருந்தது. நியாயமாகத் தெரியும் பதில்தான். யாரும் அதற்கு மேல் தோண்டவில்லை.

லாகரிலிருந்து வந்த மூலச் செய்தியை எடுத்துப் பார்த்தோம். பழைய கேட்வே அனுப்பியது 10.4. புதியது அனுப்பியது "10.4". வித்தியாசம் இரண்டு மேற்கோள் குறிகள்தான். ஒன்று எண், மற்றொன்று ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்து வரிசை. சோதனைப் பெட்டி, தட்டச்சு செய்த மதிப்பை எண்ணாக மாற்றிவிட்டுத்தான் விதியிடம் கொடுத்தது. நிஜப் பாதையில் அந்த மாற்றம் இல்லை. அதாவது அந்தச் சோதனைப் பெட்டி இதுவரை எந்த விதியையும் நிஜமாகச் சோதித்ததே இல்லை.

அந்தக் குறி உண்மையில் செய்தது

ஜாவாஸ்கிரிப்ட்டில் > குறிக்கு இரண்டு வேலைகள். இரண்டு பக்கமும் ஸ்ட்ரிங்காக இருந்தால் எழுத்து எழுத்தாக ஒப்பிடும். ஒரு பக்கமாவது எண்ணாக இருந்தால், மற்றதையும் எண்ணாக மாற்றி மதிப்பை ஒப்பிடும்.

எழுத்து எழுத்தாக என்றால் அகராதி வரிசை மாதிரி. அகராதியில் சொல் எவ்வளவு நீளம் என்பது முதலில் பொருட்டே இல்லை. முதல் எழுத்து வேறுபட்டால் அங்கேயே முடிவு. "10.0" என்பதன் முதல் எழுத்து 1, "8" என்பதன் முதல் எழுத்து 8. கணினியின் எழுத்து எண்களில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களுக்கு 48 முதல் 57 வரை. 1-க்கு 49, 8-க்கு 56. எனவே "10.0" சின்னது. கதை முடிந்தது.

"9.9" > "8" → உண்மை
"10.0" > "8" → பொய்
"8.0" > "8" → உண்மை

மூன்றாவது வரிதான் அந்தப் புகார்களுக்கான பதில். "8" முடிந்த பிறகும் "8.0"-இல் எழுத்து மிச்சம் இருக்கிறது, அதனால் அது பெரியது.

சரி, விதியில் இருக்கும் 8 எப்படி ஸ்ட்ரிங் ஆனது? அது ஆரம்பத்திலிருந்தே ஸ்ட்ரிங்தான். வலைப்பக்கத்தில் ஓர் உள்ளீட்டுப் பெட்டியில் தட்டச்சு செய்யும் எதுவும் ஸ்ட்ரிங்காகத்தான் கிடைக்கும். விதித் திரை அதை அப்படியே சேமித்து வந்தது. பழைய கேட்வே எண்ணாக அனுப்பிய காலத்தில் ஒரு பக்கம் எண் இருந்தது, அதனால் "8"-ம் எண்ணாக மாறி, எல்லாம் சரியாக நடந்தது. இரண்டு தளர்வுகளில் ஒன்று மட்டும் இருந்தவரை வெளியே எதுவும் தெரியவில்லை. கேட்வே தயாரித்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 8.0 என்பதை எண்ணாக அனுப்பினால் வழியில் 8 ஆகிவிடும், லாகர் எத்தனை தசம இடம் வரை அளந்தது என்பது தொலைந்துவிடும் என்று யோசித்து ஸ்ட்ரிங்காக மாற்றியிருக்கிறார்கள். கேட்வேயின் ஆவணத்தில் இது எழுதியும் இருந்தது.

ஜாவாஸ்கிரிப்ட்டைத் திட்டுவது எளிது. ஆனால் எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடச் சொன்னால் என்ன செய்வது என்பதில் மொழிகளுக்குள் ஒற்றுமையே கிடையாது. பைதான் 2-இல் எந்த எண்ணும் எந்த ஸ்ட்ரிங்கைவிடவும் சின்னது. 2008-இல் வந்த பைதான் 3, அப்படி ஒப்பிட்டால் பிழை என்று நிறுத்திவிடும். பிஹெச்பியில் 0-வும் சாதாரண ஒரு சொல்லும் சமம் என்று நெடுங்காலம் விடை வந்தது. 2020-இல் வந்த 8.0 பதிப்பில்தான் மாற்றினார்கள். எக்செல்லில் எழுத்தாக இருக்கும் எதுவும் எந்த எண்ணைவிடவும் பெரியது. முடிவு அட்டவணைகளுக்கான டிஎம்என் தரநிலையின் ஃபீல் மொழி, உண்மையும் அல்லாமல் பொய்யும் அல்லாமல் நல், அதாவது "மதிப்பே இல்லை", என்று விடை தரும். திரையில் தெரிவது எல்லாவற்றிலும் அதே > தான். விதி எழுதுகிறவர் குறியைப் பார்க்கிறார். அதன் பொருளை முடிவு செய்வது, அவர் கண்ணுக்கே தெரியாத மதிப்பின் வகை.

என் கருத்தில் இவற்றில் மோசமானது, தவறான விடையை நம்பும்படியாகத் தருவது. எக்செல் மாதிரி நடந்திருந்தால் 5 டிகிரிக்கும் அலாரம் அடித்து, முதல் நாளே மாட்டியிருக்கும்.

உறைதல் விதி: இன்னும் மோசம்

சூட்டு விதி இப்படி என்றால், -0.5 விதி என்ன செய்திருக்கும் என்ற கேள்வி மதியம்தான் வந்தது.

"-0.3" <= "-0.5" → உண்மை
"-0.6" <= "-0.5" → பொய்
"-1.2" <= "-0.5" → பொய்

மைனஸ் குறி இரண்டு பக்கமும் பொது. அதைத் தாண்டியதும் மிச்ச இலக்கங்கள் பாசிட்டிவ் எண் மாதிரி ஒப்பிடப்படுகின்றன. எனவே வரிசை தலைகீழ். இந்த வரம்பைத் தாண்டாத -0.3-க்கு எச்சரிக்கை வரும். உண்மையாகவே உறைய ஆரம்பிக்கும்போது, "நீங்கியது" என்று செய்தி வரும். சூட்டு விதி 8-க்கும் 10-க்கும் இடையிலாவது வேலை செய்தது. இது வேலை செய்ய வேண்டிய இடத்தில் ஒன்றில்கூடச் செய்யவில்லை, -0.5 என்ற அந்த ஒரு புள்ளியைத் தவிர.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உறைவிப்பான்களின் விதி வெப்பம் > -15. அவற்றுக்கும் புதிய கேட்வே மாட்டியிருந்தால், வழக்கமான -18-இலேயே அலாரம் அடித்திருக்கும், ஏனென்றால் ஸ்ட்ரிங்காகப் பார்த்தால் "-18.0" என்பது "-15"-ஐவிடப் பெரியது. ஒரு மணி நேரத்தில் கட்டடமே அலறியிருக்கும், தவறும் அன்றே பிடிபட்டிருக்கும். பாதுகாப்பாகச் செய்ய வேண்டும் என்று குளிர்பதனப் பெட்டிகளை முதலில் மாற்றியது, சத்தம் போடாத பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததாக முடிந்தது.

அன்று மாலைக்குள் கேட்வே மாறிய நாளிலிருந்து வந்த எல்லா அளவுகளையும் எண்ணாக மாற்றி, விதிகளை மறுபடி ஓட்டினோம். சூட்டுப் பக்கத்தில் இந்த ஒரு நிகழ்வுதான். உறைதல் பக்கத்தில் இன்னொரு பெட்டி சிக்கியது: ஓர் இரவில் -0.5-க்குக் கீழே இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறது. அந்த இரவின் செய்திப் பதிவில் ஒரு எச்சரிக்கையும், இருபது நிமிடத்தில் ஒரு "நீங்கியது"ம் இருந்தன.

வேறு விதிகளில் கிடைத்தவை

தேடத் தொடங்கிய பிறகு நிறுத்த மனம் வரவில்லை. எல்லா விதிகளையும் படித்தோம்.

திரையின் பச்சைப் புள்ளிக்கான விதியை ஒருவர் ஒரே வரியில் எழுதியிருந்தார்:

2 <= வெப்பம் <= 8

பள்ளிக் கணக்கில் இப்படித்தான் எழுதுவோம். பைதானும் இதை அப்படியே புரிந்துகொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் இடமிருந்து வலமாகப் போகிறது: முதல் பாதிக்கு உண்மை அல்லது பொய் என்று விடை வரும், பிறகு *அந்த விடையை* 8-உடன் ஒப்பிடும். உண்மை என்றால் 1, பொய் என்றால் 0. இரண்டும் 8-ஐவிடச் சின்னவை. எனவே வெப்பம் 50 ஆனாலும் புள்ளி பச்சைதான். இந்த விதிக்கும் கேட்வே மாற்றத்துக்கும் சம்பந்தமில்லை. பிறந்த நாளிலிருந்தே பச்சை. அன்று இரவு திரையைப் பார்த்து நிம்மதியானவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மருந்தின் காலாவதித் தேதிக்கான விதியில், தேதிகள் நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையில் ஸ்ட்ரிங்காக இருந்தன. எழுத்து ஒப்பீட்டில் நாள்தான் முதலில் வரும் என்பதால், 30-01-2025 என்பது 02-12-2026-ஐவிடப் பிந்திய தேதியாகிவிடும். ஆண்டு-மாதம்-நாள் என்று ஒரே அகலத்தில் எழுதும் ஐஎஸ்ஓ 8601 முறையில் இந்தச் சிக்கல் வராது. எழுத்து வரிசையும் கால வரிசையும் அங்கே ஒன்றாகவே போகும்.

அளவே வராத நேரம் தனிக் கதை. சென்சார் துண்டித்தால் பழைய கருவி நல் அனுப்பும். ஜாவாஸ்கிரிப்ட்டின் பெரிது, சிறிது ஒப்பீடுகளில் நல் 0 ஆகிவிடும். குளிர்பதனப் பெட்டியில் 0 > 8 பொய், 0 <= -0.5 பொய், ஆகவே சத்தமே இல்லை. உறைவிப்பானில் 0 > -15 உண்மை, ஆகவே அலாரம். ஒரே பழுது, ஓரிடத்தில் அலறல், மற்ற இடத்தில் அமைதி. உறைவிப்பான் பக்கத்தில் இருந்தவர்கள் பொய் அலாரங்களால் அலுத்துப்போய், விதியில் "வெப்பம் != நல்" (அளவு நல் ஆக இல்லாவிட்டால் மட்டும்) என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தார்கள். அதன்பின் அங்கேயும் அமைதி.

புதிய கருவியோ சென்சார் கழன்றால் "---" என்று அனுப்பும். இதை எண்ணாக மாற்றினால் எண்ணே அல்லாத ஒரு மதிப்பு கிடைக்கும். அதை எதனோடு, எந்தப் பெரிது சிறிது குறியால் ஒப்பிட்டாலும் விடை பொய். தன்னோடு தானே சமமும் அல்ல. கணினியில் தசம எண்களைக் கையாள்வதற்கு 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலையிலிருந்தே அப்படித்தான். இதனால் வரும் ஒரு விளைவை விதி எழுதுகிறவர்கள் எதிர்பார்ப்பதே இல்லை. "வெப்பம் > 8" என்பதும் "வெப்பம் <= 8 என்பது இல்லை" என்பதும் ஒன்றுதானே என்று நினைப்போம். சென்சார் கழன்ற நேரத்தில் முதலாவது பொய், இரண்டாவது உண்மை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

மூன்று வழிகள் மேசையில் இருந்தன.

முதல் வழி, விதிகளில் வெப்பம் வரும் இடமெல்லாம் எண்ணாக மாற்றும் செயற்கூறைச் சேர்ப்பது. அன்று இரவே செய்ய முடிந்தது இதுதான், அதனால் தற்காலிகமாகச் செய்தோம். நிரந்தரத் தீர்வாக வைக்கவில்லை. நாளை எழுதப்போகும் விதியில் ஒருவர் மறப்பார். போதாததற்கு, ஜாவாஸ்கிரிப்ட் வெற்று ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றினால் 0 வரும். அளவு வராத பெட்டி மறுபடி அமைதியாகிவிடும்.

இரண்டாவது வழி, விதி மொழியின் ஒப்பீட்டுக் குறிகளை மாற்றி, எண் மாதிரி தெரியும் எதையும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளச் செய்வது. குழுவில் பாதிப் பேருக்கு இது பிடித்திருந்தது. பழைய விதிகள் எதையும் தொட வேண்டாம், ஒரே இடத்தில் வேலை முடிந்துவிடும். எதிர்ப்பு வந்தது மருந்துத் தொகுதி எண்களால். "007" என்ற தொகுதியும் "7" என்ற தொகுதியும் வேறு வேறு. அதைவிட மோசம் "1இ3" மாதிரி, நடுவில் ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்து வரும் தொகுதி எண்: அறிவியல் குறியீட்டில் அது 1000. திரும்பப் பெற வேண்டிய தொகுதியைத் தேடும் விதி, சம்பந்தமில்லாத தொகுதியைக் காட்டும். ஊகிப்பதால் வந்த வினையை இன்னும் அதிகமாக ஊகித்துத் தீர்ப்பதில் எனக்கும் உடன்பாடில்லை.

தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி. ஒவ்வொரு புலத்துக்கும் வகை அறிவிக்கப்படும்: வெப்பம் எண், தொகுதி ஸ்ட்ரிங், காலாவதி தேதி. இந்த வகை இரண்டு இடங்களில் கட்டாயம். லாகரின் செய்தி உள்ளே நுழையும் இடத்தில் மாற்றம் ஒரே ஒருமுறை நடக்கும். மாற்ற முடியாவிட்டால் அந்த அளவு "செல்லாது" என்று பதிவாகும். விதியைச் சேமிக்கும் இடத்தில் இரண்டு பக்க வகைகளும் பொருந்தாவிட்டால் சேமிக்கவே விடாது. 2 <= வெப்பம் <= 8 என்று எழுதினால், உண்மை-பொய் விடையை எண்ணோடு ஒப்பிடுகிறீர்கள் என்று அங்கேயே நிறுத்தி, எப்படிப் பிரித்து எழுதுவது என்றும் காட்டும்.

இதற்கு விலை உண்டு. பழைய விதிகளில் கணிசமானவை சேமிப்புச் சோதனையில் தோற்றன, அவற்றைக் கையால் திருத்த வேண்டியிருந்தது. பொறுப்பாளர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். விதி எழுதும்போது வரும் எரிச்சலையும், இரவில் அடிக்காமல் போகும் அலாரத்தையும் வைத்துப் பார்த்தால் எது வேண்டும் என்று கேட்டபோது வாதம் நின்றது.

அளவு வராததற்கு மூன்றாவது விடை: உண்மை, பொய், தெரியாது. தரவுத்தளங்களுக்கான எஸ்க்யூஎல் மொழியில் இந்த மூன்றாம் விடை எப்போதோ வந்துவிட்டது. ஆனால் அங்கே வடிகட்டும்போது "தெரியாது" என்பதும் பொய்யோடு சேர்ந்து விடுபட்டுவிடும். நாங்கள் அதை அப்படி விழுங்க விடவில்லை. அரை மணி நேரம் "தெரியாது" என்றே விடை வந்தால், "அளவு வரவில்லை" என்று தனியாக ஒரு எச்சரிக்கை போகும். வெப்ப அலாரத்தோடு அதைக் கலக்கவில்லை, ஏனென்றால் அதற்கு ஓட வேண்டிய ஆள் வேறு.

எண்ணாக மாற்றும்போது இன்னொன்றும் செய்தோம். அளவைப் பத்தில் ஒரு டிகிரி என்ற அலகில் கணக்கிட்டு முழு எண்ணாகச் சேமிக்கிறோம்: 8.0 என்பது 80, -0.5 என்பது -5. லாகர்களுக்கு அளவுத்திருத்தக் கூட்டல் உண்டு. தசம எண்களைக் கூட்டினால், 0.1-உம் 0.2-உம் சேர்ந்து 0.30000000000000004 ஆகிற அந்தப் பழைய கதை வரம்பின் விளிம்பில் வந்து நிற்கும். > என்பதா >= என்பதா என்று மணிக்கணக்கில் பேசி முடிவு செய்த ஒரு வரம்பை, கண்ணுக்குத் தெரியாத பதினேழாவது இலக்கம் மாற்றிவிடக் கூடாது.

பிறகு நடந்தவை

மருந்துகள் பற்றிய முடிவு எங்களுடையது அல்ல. தடுப்பூசித் திட்டத்தின் பொறுப்பு அதிகாரிகள் எடுத்தார்கள். சூடான பெட்டியில் இருந்த குப்பிகளில் வெப்பத்துக்கு நிறம் மாறும் அடையாள ஒட்டு இருந்தது. உள்ளே இருக்கும் சதுரம் வெளி வட்டத்தைவிட வெளிறியே இருந்ததால், அவை முதலில் பயன்படுத்த வேண்டியவை என்று குறிக்கப்பட்டுத் திரும்பின. அந்த ஒட்டு உறைதலைக் காட்டாது. எனவே உறைந்த பெட்டியின் மருந்துகளுக்குக் குலுக்கல் சோதனை: அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி வைத்து, வண்டல் எது வேகமாக அடியில் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் இறங்கின. அந்தத் தொகுதிகள் அழிக்கப்பட்டன. அதற்குள் அந்தப் பெட்டியிலிருந்து வெளியே போயிருந்த குப்பிகளைத் தேடும் வேலையை அதிகாரிகள் தனியாக எடுத்துக்கொண்டார்கள்.

மென்பொருள் பக்கத்தில், வகை அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே "செல்லாது" பட்டியலில் ஒரு லாகர் வந்து நின்றது. தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டு 4,5 என்று அனுப்பிக்கொண்டிருந்தது. தற்காலிகத் தீர்வோடு நின்றிருந்தால் அது எண்ணாக மாறாமல், எல்லா ஒப்பீட்டுக்கும் பொய் சொல்லி, யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கும்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

சோதனைப் பெட்டி இப்போது கேட்வேயின் மூலச் செய்தியை அப்படியே வாங்கி, நிஜப் பாதையிலேயே ஓட்டுகிறது. ஒவ்வொரு எண் விதிக்கும் சோதனை அளவுகள் தானாகவே உருவாகும்: வரம்பு, அதற்கு ஒரு படி மேலே, ஒரு படி கீழே, இலக்கங்களின் எண்ணிக்கை மாறும் இடம், எதிர்மறை, வெறுமை. நான்காவது மட்டும் அன்று நிஜப் பாதையில் ஓடியிருந்தால் 9-ஐயும் 5-ஐயும் வைத்துச் சோதித்துத் திருப்தியடைந்திருக்க மாட்டார்கள்.

"எச்சரிக்கை நீங்கியது" என்ற செய்தியில் கடைசி அளவும் அதன் போக்கும் சேர்க்கப்பட்டுள்ளன. கூடவே ஒரு நிபந்தனை: எச்சரிக்கை வந்தபோது இருந்ததைவிட அளவு வரம்பை இன்னும் அதிகமாகத் தாண்டியிருந்தால், விதி என்ன சொன்னாலும் அந்தச் செய்தி போகாது. இந்தச் சோதனை விதி மொழிக்கு வெளியே, தனியாக எழுதப்பட்டது. விதி மொழியில் பிழை இருந்தால் அதே பிழை இதிலும் வராமல் இருக்க.

கேட்வே போன்ற கருவி மாறினால், ஒரு வாரத்துக்குப் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, இரண்டின் விதி விடைகளும் ஒப்பிடப்பட வேண்டும் என்று நடைமுறையில் சேர்த்திருக்கிறார்கள். உதவிப் பிரிவுக்கு வரும் "வரம்பிலேயே எச்சரிக்கை வருகிறது" வகைப் புகார்கள் இனி பதிலோடு முடியாது, மூலச் செய்தியைப் பார்த்த பிறகே மூடப்படும்.

முடியாமல் நிற்பது ஒன்று. இரண்டு புலங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் விதிகள் சில இருக்கின்றன: பெட்டியின் உள் வெப்பமும் அறை வெப்பமும் மாதிரி. வகை இரண்டும் எண் என்பதால் சேமிப்புச் சோதனை விட்டுவிடுகிறது. ஆனால் ஒரு கருவி செல்சியஸிலும் இன்னொன்று ஃபாரன்ஹீட்டிலும் அனுப்பினால், வகை பொருந்தும், ஒப்பீடு அர்த்தமற்றது. வகையோடு அலகையும் கட்டாயமாக்குவதா, நுழையும் இடத்திலேயே எல்லாவற்றையும் செல்சியஸாக்குவதா என்ற பேச்சு நடக்கிறது. அதுவரை அந்த விதிகளுக்குச் சிவப்பு அலாரம் தரும் உரிமை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.